பெயரெழுதாத வட்டம்

கழக்கூட்டம் என்ற ஊரில், குளிரூட்டிய அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு நான் கடலைத் தூர்த்தேன். கையில் மண்வெட்டி இல்லை, மௌஸ்தான். நகரத்துக்குத் தெற்கே உல்லாசக் கப்பல் பயணிகளுக்கென்று ஒரு துறைமுகம் வருகிறது. நிலம் போதாது, கடலிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு. வரைபடத்தில் நீலமாக இருந்ததைச் சாம்பல் நிறமாக்கினேன். கடல் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

ஆட்சேபித்தவர் அப்பாதான்.

அம்மாவின் அஸ்தியை அந்தக் கரையில், தண்ணீருக்குள் நின்ற ஒற்றைப் பாறையருகே கரைத்திருந்தோம். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அப்பா கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் போவார். மந்திரம் எதுவும் கிடையாது. கணுக்கால் நனைய நின்று, அந்த வாரத்துச் சமாசாரங்களை அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்புவார். அவள் உயிரோடிருந்தபோது இத்தனை பேசினவர் இல்லை. வேலி போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, “இவிடெ இனி கடலில்ல சாரே” என்று மலையாளத்தில் சொல்லிக் காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் லாப்டாப்பைத் திறக்கச் சொன்னார்.

“அந்தப் பாறை இதிலே எங்கேடா?”

பழைய சர்வே படத்தை மேலே வைத்துப் பார்த்தேன். பயணிகள் கூடத்துக்கு வெளியே, கப்பலேற வரிசையில் நிற்கும் முற்றத்தில் வந்தது பாறை. கன்னியாகுமரியில் படகில் ஏறப் பயந்து, கரையிலேயே உட்கார்ந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தவள் அம்மா. அவளைப் போய்க் கப்பல் வரிசையில் நிறுத்திவிட்டேனே என்று சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

“தண்ணியிலே கரைச்சவளை மண்ணைப் போட்டு மூடியாச்சு. நம்மாத்துல யாரையும் புதைக்கற வழக்கம் இல்லையேடா.”

நான் லாப்டாப்பை மூடப்போனேன். அப்பா தடுத்தார்.

“அந்த இடத்தையாவது தொலைச்சுடாதே, கேட்டையோ?”

அவர் கண்ணெதிரிலேயே அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டேன். எங்கள் தொழிலில் படத்திலுள்ள எல்லாவற்றுக்கும் பெயர் எழுத வேண்டும். இதற்கு என்ன எழுத? மறுநாள் அழிக்கவும் மனம் வரவில்லை. படம் அப்படியே மற்றப் பிரிவுகளுக்குப் போய்விட்டது.

பெயரில்லாத வட்டத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால், கேட்டவருக்கு விஷயம் தெரியாது என்று ஆகிவிடுமே! மின்சாரப் பிரிவு மரியாதையாக விலகிக் கேபிளைக் கொண்டுபோனது. வடிகால் பிரிவில் ஒரு புண்ணியவான், முற்றத்தில் வட்டமென்றால் மழைநீர்க் குழிதான் என்று முடிவுகட்டி அதற்குக் குழாயும் வரைந்தார். எத்தனையோ கூட்டங்களில் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

முற்றம் முடிந்ததும், வேலைசெய்தவர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்க ஒருநாள் அனுமதித்தார்கள். கப்பல் எதுவும் இன்னும் வரவில்லை. பளபளக்கும் தரை நடுவே, ஓட்டைகள் போட்ட வட்டமான இரும்பு மூடி. அம்மாவின் இடத்தில் சாக்கடை மூடியா என்று அப்பா கத்தப்போகிறார் என்று பயந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

“இதுல விழற தண்ணி எங்கே போறது?”

“குழாய் வழியா நேரே கடலுக்கு.”

செருப்பைக் கழற்றினார். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஓட்டைகளில் மெதுவாக ஊற்றியபடி, விட்டுப்போன ஞாயிறுகளின் சமாசாரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பாட்டில் காலியானதும் திரும்பாமலே என் பக்கம் கையை நீட்டினார்.

“உன்னோடதையும் குடு. இன்னும் பாதிகூடச் சொல்லலை.”