காய்ச்சி வடித்த தண்ணீர்

எண்ணெய் தண்ணீர் குடிக்கும் என்றால் என் அம்மா சிரிப்பாள். குடிக்கும். அதைக் குடிக்க வைப்பதுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. எண்ணெயில் சோப்பு மாதிரி ஒரு சரக்கைக் கரைத்து, கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எண்ணெய் அதை விழுங்கிவிட்டுத் தெளிவாகவே நிற்கும். அளவு மீறினால் பால்போலக் கலங்கிவிடும். தோலுக்கு மெருகு போட, நிறையத் தண்ணீர் குடித்தும் கலங்காத எண்ணெய் மேனேஜருக்கு வேண்டும். மூன்று மாதத்தில் முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பேரணாம்பட்டு மாப்பிள்ளை; அம்மா நாள் குறிக்கத் தயாராக இருந்தாள்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஜாடித் தண்ணீர் தீர்ந்ததும், கேன்டீனுக்குச் சாமான் வாங்கிவரும் அக்காவிடம் அதே தண்ணீர் வாங்கித் தரக் கேட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சீக்கிரம் கலங்கியது. ஆல்கஹாலைக் கூட்டினேன், குறைத்தேன், வேறு ஆல்கஹாலுக்கு மாறினேன். சேலையில் நெடி ஏறியதுதான் மிச்சம். வேலூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. ஒருநாள் மேனேஜர் அதே பஸ்ஸில் ஏறி, பின்சீட்டிலிருந்து ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு எவ்ளோ குடிச்சுது?"

"நேத்தைவிடக் கம்மிதான் சார்."

"ஸ்பிரிட்டு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்திப் பாரேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு, பூமி பிளந்திருந்தால் அங்கேயே இறங்கியிருப்பேன்.

கடைசி வாரம் தலைவலி தாங்காமல் டீ குடிக்கக் கேன்டீன் போனேன். அடுப்பில் பெரிய குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா அக்கா, சோறா?"

"உன் தண்ணிதாம்மா. காய்ச்சி வடிச்ச தண்ணி கேட்டியே? மேனேஜர் வேற உன்னைத் திட்றாராம், பாவமா இருந்துச்சு. அதான் தெனமும் இன்னும் நல்லா சுண்டக் காய்ச்சறேன். நம்ம கெணத்துத் தண்ணிதான், புதுத் துணியிலதான் வடிக்கிறேன்."

நான் தமிழ் வழியில் பி.எஸ்சி. படித்தவள். ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் நீருக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் அதுதான் பெயர். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் வேறு. பேட்டரித் தண்ணி என்று கேட்டிருந்தால் அதையே கடையில் வாங்கி வந்திருப்பார். கிணற்று நீரைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர் போகும், உப்பு தங்கும். உப்பு ஏற ஏற எண்ணெய் தண்ணீரை ஏற்காது. அக்காவுக்கு என்மேல் இரக்கம் கூடக் கூட என் எண்ணெய் கலங்கியிருக்கிறது. கோபப்பட வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது, கூடவே அழுகையும்.

பஸ் ஸ்டாண்ட் எதிர்க் கடையில் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். எண்ணெய் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்தினி நாளா இன்னா பேஜார்?"

"தண்ணியில உப்பு சார்."

"உப்பா? யாரு போட்டது?"

அவர் பார்வை கேன்டீன் பக்கம் போயிற்று. அக்காவின் பிழைப்பை நினைத்து முந்திக்கொண்டேன்.

"நாமதான் சார்" என்று ஜன்னலைக் காட்டினேன்.

ஜன்னலுக்கு வெளியே, தோல் கழுவிய உப்புத் தண்ணீர் வாய்க்காலில் கிணற்றை ஒட்டிப் பாலாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குடுவையைக் கீழே வைத்தார்.

"உன் வேலை பர்மனென்ட்டும்மா. இதை மட்டும் ரிப்போர்ட்ல எழுதாதே."