யோகண்ணைக்குச் சொல்லாத சேதி

2009 மாசி மாதம். வேலையிடத்து வெள்ளைக்கார நண்பர்களோடு ரக்பி பார்க்க, லண்டனில் வசதியானவர்கள் போகும் ஒரு பப்புக்குப் போயிருந்தேன். மேசைகளில் வெறுங்கிளாஸ் எடுத்துக்கொண்டு வந்தவர் எங்கள் ஊர் யோகண்ணை. அவருக்கு அங்கே வேலை என்பது எனக்குத் தெரியாது.

வன்னியில் போர். அங்கிருந்து யாராவது லண்டனில் ஒரு வீட்டுக்குப் போன் எடுப்பார்கள். அந்த வீடுதான் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். அன்று காலை போன் என் வீட்டுக்கு வந்தது. யோகண்ணையின் மகள் ஷெல் விழுந்து செத்துப்போனாள். மட்ச் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

“தம்பி, ஊரில இருந்து ஏதும் சேதி?”

நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மினுங்கும் மேசையில் ஒருவர் கதறுவதை நினைத்தேன். கூசியது.

“இல்லை அண்ணை, ஒண்டும் வரேல்லை.”

“அப்ப பிள்ளை சுகமாத்தான் இருக்கிறாள்” என்று சிரித்தார். “நீர் மட்சைப் பாரும்.”

மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கதறி ஓய்ந்தபின் கேட்டார்: “எப்ப தம்பி கேள்விப்பட்டனீர்?”

“இப்பதான் அண்ணை.”

சில மணி நேரமாவது அவருக்கு நிம்மதி கொடுத்தேன் என்று பல வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். இல்லை. அந்த நிம்மதியை எனக்குத்தான் எடுத்துக்கொண்டேன்.