தொண்ணூறைத் தாண்டினால் ஆடும் கார்

டயர் கடையில் அவளை எல்லோரும் ஜீரோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை அவளுடைய தம்பியுடையது. ஏழு வருடங்களுக்கு முன்னால் போனை எடுத்துப் பதில் சொல்வதற்காகத்தான் அவள் அங்கே வந்தாள். வந்த மூன்றாவது வாரம், வீல் பேலன்ஸ் பார்க்கிற ஆள் டீ குடிக்கப் போனவர், அப்படியே அடுத்த தெருக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வாசலில் ஒரு கார் சக்கரமில்லாமல் ஜாக்கியில் நின்றது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா எழுந்து போய் மெஷினைப் போட்டாள்.

மெஷின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று காட்டும். அங்கே ஈயக்கட்டியை ஒட்டிவிட்டு மறுபடி சுழற்ற வேண்டும். ஐந்து கிராமுக்குள் வந்துவிட்டால் மற்றவர்கள் போதும் என்று இறக்கிவிடுவார்கள். அவளால் அது முடியாது. உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் பூஜ்யம் வரும்வரை விடமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். விளையாட்டு ஆசிரியரான அவள் கணவர் சுவரில் எதை மாட்டினாலும், பின்னாலேயே வந்து ஒரு நூல் நகர்த்திவிட்டுப் போவாள்.

"ஸ்கூல்ல முந்நூறு பசங்களை நேரா நிக்க வெச்சுட்டு வர்றேன். இங்க என்னையே நேரா நிக்கச் சொல்றா," என்பார் அவர்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு திங்கட்கிழமை காலை தபால்காரர் வந்தார். நாற்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுக்குமேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, பத்தொன்பது வயதான ஒரு காரை வாங்கியிருந்தார். கார் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை ஆசையாகப் பரிசளித்த அலாய் சக்கரங்கள் வேறு.

"தொண்ணூறு வரைக்கும் தங்கமா போகுதும்மா. தொண்ணூறைத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது," என்றார்.

பின்சீட்டிலிருந்து அவர் மனைவி இறங்கினார். "ஸ்டியரிங் மட்டுமா? என் பல்செட் டக்டக்குன்னு அடிக்குது. மக வீட்டுக்கு நூத்திருபது கிலோமீட்டர், வாயைப் பொத்திக்கிட்டே போக வேண்டியிருக்கு."

"அது ஒண்ணுதான் நல்ல விஷயம்," என்றார் தபால்காரர் மெதுவாக.

விஷயம் இதுதான். சனிக்கிழமைதோறும் இருவரும் மகள் வீட்டுக்குப் போவார்கள். கார் வாங்கி ஐந்தாவது வாரம் அந்த அம்மா, ஊருக்குள் என்றால் சரி, மகள் வீட்டுக்குக் காரில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பஸ்ஸில் முன்னால் போக, தபால்காரர் பின்னாலேயே தனியாகக் காரில் வருவார். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியே அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இரண்டு பட்டறைகளில் காட்டியாகிவிட்டது. ஒருவர் ஷாக் அப்சார்பரை மாற்றினார், இன்னொருவர் எஞ்சின் மவுண்டிங்கை மாற்றினார். நடுக்கம் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

அக்காவுக்கு இது அல்வா மாதிரி வேலை. நான்கு சக்கரங்களையும் கழற்றி, எட்டுப் பூஜ்யங்களையும் வரவழைத்து அனுப்பிவைத்தாள். மறுநாளே தபால்காரர் திரும்பி வந்தார். கோபமில்லை, கொஞ்சம் சங்கடம்தான்.

"கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும்மா. ஆனா இருக்கு."

"மெஷின்ல ஜீரோ வந்துச்சுங்க ஐயா."

"வந்துச்சு, நானும் பார்த்தேன். ஆனா ஆடுது."

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜீரோ வந்த சக்கரம் ஆடியது என்று ஏழு வருடத்தில் ஒருவரும் வந்து சொன்னதில்லை. மெஷினைச் சோதித்தாள், சரியாக இருந்தது. முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டாள். கோளாறு முன் சக்கரத்தில் என்றால், அது பின்னால் போனதும் நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்குப் போக வேண்டும். போகவில்லை. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் காருக்கடியில் படுத்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பேரிங் நல்லா இருக்கு, ஜாயின்ட்டும் நல்லா இருக்கு. பழைய வண்டி, அக்கா. வயசான உடம்பு கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்."

"அப்படி ஒரு வியாதி கிடையாது," என்றாள் அக்கா.

வியாழக்கிழமை அவளே காரில் ஏறினாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் அந்த அம்மா சாட்சியாக வந்தார்.

நெடுஞ்சாலையில் எண்பதுவரை ஒன்றுமில்லை. தொண்ணூற்றிரண்டில் விரலுக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. தொண்ணூற்றைந்தில் கண்ணாடியில் தெரிந்த பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது.

"ஆரம்பிச்சிடுச்சு," என்றார் அந்த அம்மா, கையால் வாயை மூடிக்கொண்டு.

"ஐயா, பிரேக்கை லேசா தொடுங்க." நடுக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரேக் தட்டு வளைந்திருக்கவில்லை என்று அர்த்தம். "இப்ப ஆக்சிலரேட்டரை விட்டுட்டு நியூட்ரல்ல போடுங்க." எஞ்சின் சத்தம் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. அப்படியானால் எஞ்சினும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்றுதான். ஆனால் சக்கரமும் இல்லையே. அக்கா கண்ணை மூடி யோசித்தாள். வேகத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்து அந்த அம்மா பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வந்து கடை வாசலில் நின்றபோது தபால்காரர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். உத்தியோகப் பழக்கம், எதையும் தேதி போட்டு எழுதிவைப்பார். எந்தெந்தத் தேதியில் எவ்வளவு ஆடியது என்று அதில் இருந்தது.

"இதுல ஏதாவது தேறுமா பாரும்மா."

அக்கா நின்றபடியே படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. பதினொன்றாம் தேதி: வலது முன் சக்கரம் பஞ்சர், ஒட்டி அதே இடத்தில் மாட்டியது, நடுக்கம் முன்னைவிட அதிகம்.

"அதே சக்கரம்தானே மாட்டினாங்க?"

"அதே சக்கரம், அதே டயர். நான் பக்கத்துலயே நின்னேன்."

அதே சக்கரம், அதே இடம். கழற்றி மாட்டியதில் என்ன மாறியிருக்கும்? உட்காரும் விதம் மட்டும்தான் மாறியிருக்க முடியும். அவளே ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து முன் சக்கரத்தைக் கழற்றினாள். காரின் அச்சில் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் குமிழைப் பார்த்தாள். சக்கரத்தின் நடுத்துளையைப் பார்த்தாள். சக்கரத்தை வெறுமனே அதில் தொங்கவிட்டு, தபால்காரரின் பென்சிலை வாங்கி இடுக்கில் விட்டாள். பென்சில் முனை தாராளமாக உள்ளே போனது.

"அளவு சரியில்ல," என்றாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "மெஷின்ல இருக்குற கூம்பு, துளை எவ்வளவு பெரிசா இருந்தாலும் நடுவைப் பிடிச்சுக்கும். கார்ல பிடிக்க ஒண்ணுமில்ல. நட்டை முடுக்கும்போது மயிரிழை தள்ளி உக்காருது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் தள்ளும். நாலு சக்கரத்துக்கும் இதே கதிதான். அதான் மாத்திப் போட்டும் தெரியல."

"பெரிய கார்ல போடுற சக்கரமா?"

"பல கார்ல போடுற சக்கரம். நடுவுல ஒரு வளையம் வெச்சு மாட்டணும். அது டப்பாவுலயே இல்லாம வந்திருக்கும்."

தபால்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை கொடுத்த சக்கரம் ஆயிற்றே.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார் அந்த அம்மா. "ஆசையா கொடுத்தாரு. இவ்வளவு நாளா நான் நீங்க ஓட்டுறதைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். பழி உங்க மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

"நல்ல நியாயம்," என்றார் தபால்காரர்.

அந்த அளவில் வளையம் எந்தக் கடையிலும் இல்லை. அக்கா குமிழையும் துளையையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, லேத் பட்டறைக்குப் போய் நின்றாள். அலுமினியத்தில் நான்கு வளையங்கள் கடைந்து கொடுத்தார்கள். முதலாவது கொஞ்சம் லூசாக இருந்தது. திருப்பிக் கொடுத்து இன்னொன்று கடையச் சொன்னாள். லேத்காரர் முணுமுணுத்துக்கொண்டே கடைந்தார். வெள்ளிக்கிழமை மாலை வளையங்களைக் குமிழில் பொருத்தி, சக்கரங்களை மாட்டினாள். இந்தத் தடவை சக்கரம் உட்கார்ந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதை மறுபடி கேட்பதற்காகவே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டினாள்.

சனிக்கிழமை காலை இருவரும் மகள் வீட்டுக்குக் கிளம்பும் வழியில் கடைக்கு வந்து, சோதித்துப் பார்க்க அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். தம்பியிடம் அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அக்கா ஏறினாள். தொண்ணூற்றிரண்டு வந்தது. தொண்ணூற்றைந்து வந்தது. ஸ்டியரிங்மேல் வைத்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நூறிலும் தார் உரசும் சத்தம் மட்டும்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் அந்த அம்மா கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போயிருந்தார்.

"எழுப்ப வேணாம்," என்றார் தபால்காரர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "வண்டியைத் திருப்பினா முழிச்சுக்குவா. நீயும் எங்ககூட வந்துடேம்மா. சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன்."

அக்கா ஒரு கணம் கடையை நினைத்தாள். பிறகு, "சரிங்க ஐயா," என்றாள்.

மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரி இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அக்கா படித்துறையில் தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது, தம்பிதான்.

"அக்கா, எங்க இருக்க? நாலு கார் நிக்குது. மெஷினை எப்படிப் போடறது?"

"பச்சை பட்டனை அமுக்கு. மூடியை இறக்கிட்டு அமுக்கு."

"அமுக்கிட்டேன். பன்னெண்டு காட்டுது. ஈயம் ஒட்டினா எட்டு காட்டுது. மறுபடி ஒட்டினா பதினஞ்சு காட்டுது."

"அவசரப்படாம ஒட்டு," என்றாள் அக்கா. ஒரு மீன் குஞ்சு வந்து அவள் கட்டைவிரலை மோந்துபார்த்தது. அவள் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.