எதிர்க்கட்சிக்காரர் எடுத்துச் சொன்ன என் வழக்கு

வக்கீல் வைக்க வசதியில்லாமல், விவாகரத்து வழக்கில் ஜீவனாம்சம் கேட்டு நானே பேசப் போனேன். எழுபதுகளின் கல்கத்தா. லேக் கார்டன்ஸ் கடைகளில் பேரம் பேசுமளவுக்கு எனக்கு வங்காளம் வரும். ஜட்ஜ் முன்னால் அது இரண்டு வாக்கியத்தோடு தீர்ந்துபோயிற்று.

"தமிழிலேயே சொல்லுங்கள். இங்கே தமிழ் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார் ஜட்ஜ்.

ஒரே ஒருவர்தான் இருந்தார், என் கணவர். அவருடைய வக்கீல் கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சொல்லு, நான் சொல்றேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடர்பூர் ஆபீஸ் சம்பளத்தை அவர் மறைத்தது, மகள் காய்ச்சலில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதது என்று ஒன்று விடாமல் கொட்டினேன். ஒரு சொல்லை மாற்றினாலும் பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் மாற்றவில்லை. தன்மேல் நான் வைத்த குற்றங்களைத் தன் வாயாலேயே, தெளிவான வங்காளத்தில் சொன்னார்.

நான் முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல போட்ட வளையல விட்டுட்டியே."

அவர் அடகு வைத்து மூழ்கிப்போன வளையல் அது. நாலு பேர் முன்னால் சொல்லக் கூசி நான்தான் விட்டிருந்தேன். அதையும் அவரே ஜட்ஜிடம் சொன்னார். அந்த மனிதரை அன்றுதான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன்.

கேட்டது கிடைத்தது. அவரோடு வாழ முடியாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால், அப்பா எப்படிப்பட்டவர் என்று மகள் கேட்டால், அந்த வளையலிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.