வெற்றிலை எடுத்தவர்

கடல் எங்கள் மூத்த மகளைக் கொண்டுபோய்த் திருப்பித் தந்தது. கதிரவெளி மணலில் நாங்களே அவளை அடக்கம் செய்தோம். மகனைக் கொண்டுபோனவர்கள் மனிதர்கள். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போகும் வழியில் பஸ்ஸை மறித்து அவனை இறக்கினார்கள். இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நாங்கள் வாவிக்கரையில் குடியேறினோம். நான் இறால் பிடித்தேன்.

சண்டை முடிந்த மறுவருடம் கடைசி மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். இனி ஆண்டுதோறும் சட்ட நாள் என்று ஒன்று நடத்தப்போவதாக அதிபர் சொன்னார். பட்டணத்திலிருந்து சட்டத்தரணி ஒருவர் வந்து பேசுவார், பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பார்கள்.

முன்வரிசையிலிருந்த மீன் விற்கும் பெண் கேட்டாள்: "சேர், அது சட்டம் பிறந்த நாளா, செத்த நாளா?"

கூட்டம் சிரித்தது. அதிபரும் சிரித்துவிட்டு, "அண்டைக்கு வந்து இதக் கேட்டிராதீங்ககா" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. தோரணம் கட்டித் தருவதாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி விடவில்லை.

"சட்டம் தெரிஞ்ச மனிசன் நம்மட ஊருக்கு வாறார். நீங்க தோரணத்தக் கட்டிப்போட்டு மரத்துக்குப் பின்னால நிக்கப் போறீங்களா?"

"நான் என்னத்தக் கதைக்கிற?"

"கதைக்க வேணாம். வெத்திலை வட்டாவத் தூக்குங்க."

எங்கள் பக்கத்தில் பிணக்குத் தீர்க்க ஒருவரை அழைப்பதென்றாலும், வைத்தியரை அழைப்பதென்றாலும் வட்டா என்கிற பித்தளைத் தட்டில் வெற்றிலை அடுக்கி அவர் முன் நீட்டுவோம். எடுத்தால் காரியத்தை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். பிறகு அவரே வீடு தேடி வந்து என்ன ஏது என்று கேட்பார். என்னைப் போன்றவனுக்கு அது பெரிய வசதி.

வரவேற்பு வட்டாவை நானே தூக்குகிறேன் என்றபோது அதிபர் என்னை வியப்பாகப் பார்த்தார். சட்ட நாளன்று கறுப்புக் கோட்டோடு வியர்த்துக்கொண்டு வந்திறங்கிய சட்டத்தரணி, ஒரு வெற்றிலையை எடுத்துச் சிரித்தபடி பைக்குள் வைத்தார். மேடையில் என் மகள், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சொன்னாள்.

அடுத்த நாள் காலையிலேயே மனைவி முற்றத்தைக் கூட்டி, அவர் வந்தால் உட்கார வீட்டிலிருந்த ஒரே கதிரையை வெளியே போட்டாள்.

"அம்மா, அது வந்தவங்களுக்கு மரியாதைக்கு வைக்கிற வெத்திலை. அவர் இஞ்ச வரமாட்டார்" என்றாள் மகள்.

"எடுத்தவர்தானே? நீ பேசாம இரி."

எனக்கும் மகள் சொன்னது கேட்கப் பிடிக்கவில்லை. ரோட்டில் வாகனச் சத்தம் கேட்டால் வலையை விட்டுவிட்டு எழுந்து பார்த்தேன். அவர் வரவேயில்லை.

மறுவருடச் சட்ட நாளுக்கு வேறொருவர் வந்தார், ஒரு பெண் சட்டத்தரணி. நான் வட்டாவை நீட்டினேன். அவர் விரல் நுனியால் விளிம்பைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"அம்மா, எண்ட மகனக் கொண்டுபோயிட்டாங்க. போன முறை வந்தவர் வெத்திலை எடுத்தவர், வீட்டுக்கு வரல்ல. நீங்களாவது எடுங்க."

வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் காதைச் சாய்த்தார், ஒன்றும் விளங்காமல் அதிபரைப் பார்த்தார். அதிபர் என் தோளில் கை வைத்து, "மறுகா கதைப்பம் அண்ணன்" என்று மெல்ல விலக்கினார். உறுதிமொழி முடிந்ததும் நான் வாசலுக்கு ஓடினேன். வாகனம் போய்விட்டிருந்தது.

வீட்டுப் படலையிலேயே மனைவி நின்றாள்.

"எடுத்தாவா?"

நான் வட்டாவைக் காட்டினேன். அடுக்கு குலையாமல் வெற்றிலை வாடியிருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று பின்னேரம் மழை இறங்கியது. இம்முறையும் அவள் முற்றத்தில் போட்டு வைத்திருந்த கதிரை நனைந்துகொண்டு கிடந்தது. எடுத்து உள்ளே வைக்க அவளும் எழும்பவில்லை, நானும் எழும்பவில்லை.