பைனாகுலர் என்னுடையது

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்குக்கு எடுபிடியாக வந்து இறங்கினேன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது, அதில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், வண்டிகள் ஓடுகின்றன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாடி வீடு கட்டினேன், தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தேன். கை கொடுத்தவர் ஒருவரும் இல்லை. காலை வாரியவர்கள் உண்டு. இத்தனையும் செய்தவனுக்கு ஒரு பறவையைப் பார்க்கப் பயம் என்றால் நம்புவீர்களா?

வெள்ளிக்கிழமை காலையில் இங்கே கடற்கழிக்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலை மறந்தாலும் மறப்பேன், அடையாள அட்டையை மறக்க மாட்டேன். போன வாரம் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் போலீஸ் வண்டி வந்து நின்றது. கழுத்தில் பைனாகுலர் தொங்குகிற வெளிநாட்டுக்காரன், எதிரே துறைமுகத்துக் கிரேன். வேவு பார்க்க வந்தவன் என்று நினைக்க வேறென்ன வேண்டும்? இளம் போலீஸ்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு "ஹிந்தி?" என்றார். இந்தியனா என்று கேட்கிறார். தலையாட்டினேன். என் அரைகுறை அரபியில் பறவை என்று சொல்லிக் கையைக் காட்டினேன். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், தின்பதற்கா என்றார். இல்லை, பார்ப்பதற்கு என்றேன். பார்த்து என்ன செய்வாய் என்றார். அதைச் சொல்ல என் அரபி போதாமல் பூநாரைகளையே மறுபடியும் காட்டினேன். "மம்னூ" என்று கிரேன் பக்கம் விரலை ஆட்டிவிட்டுப் போனார். கூடாது என்று பொருள். அப்புறம் கிரேனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் பைனாகுலரை எடுத்தேன்.

பார்த்து என்ன என்பதை உங்களுக்காவது சொல்கிறேன். ஊருக்குத் திரும்பிய ஒரு என்ஜினீயரிடம் பைனாகுலரையும் பறவைப் புத்தகத்தையும் விலைக்கு வாங்கினேன். புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு ஆகாது, படம் போதும். தறி வீட்டில் பிறந்தவன், எதையும் புடவையாகத்தான் பார்ப்பேன். உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தி எப்படி? இறக்கை ஓரம் கரை, வால் முந்தி. பனங்காடை உட்கார்ந்திருந்தால் சாயம் போன பழம்புடவை. அதுவே இறக்கையை விரித்தால், கடைக்காரர் பட்டுப்புடவையை உதறிப் போட்டதுபோல நீலம் கண்ணில் வந்து அடிக்கும். அந்த ஒரு நொடிக்குள் இது இன்ன பறவை என்று பிடித்துவிட்டால் வருகிற சந்தோஷம், கடையின் ஷட்டரை முதன்முதலாகத் தூக்கிய அன்றுகூட எனக்கு வந்ததில்லை.

அதை ஊரிலாவது பயமில்லாமல் அனுபவிக்கலாம் என்று நினைத்தேன். நம் ஊர் ஏரி, யார் கேட்பார்கள்? இரண்டாயிரத்துக்குப் பிறகு காஞ்சிபுரத்தைச் சுற்றி நிலமெல்லாம் கைமாறிக்கொண்டிருந்த சமயம். பொங்கல் லீவில் வந்திருந்தவன், வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு கிராமத்து ஏரிக்கரையில் ஏறி நின்றேன். தண்ணீரில் நாமக்கோழிகள், கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். வடகலையா தென்கலையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஏரிக்குள்ளிருந்த கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. வெள்ளை உடல், கறுப்புக் கரை. சொக்கிப்போய் நின்றவன் திரும்பினால், பின்னால் ஒரு கூட்டம்.

"இன்னாயா அளந்துக்கினு இருக்கிற?"

கேட்டவர் ஏழுமலை. கையில் அரிவாள். ஏரிக்கு அந்தப் பக்கம் அவருக்கு நிலம். அந்த நிலங்களை ஏதோ கம்பெனிக்காக எடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்திருக்கிறது. தொப்பி, ஷூ, பைனாகுலர் என்று நின்ற என்னை அளக்க வந்த ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

"பறவை பாக்கறேன்பா."

"கொக்கு பாக்க மிஷின் வச்சிக்கினு வருவானா? யாரு அனுப்ச்சது?"

"யாரும் அனுப்பல. நான் பிள்ளையார்பாளையம், தறிக்காரங்க வீடு."

"பட்டு நெய்றவன் ஏரில இன்னா நெய்யப் போற?" என்றாள் எருமை மேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மஸ்கட்டிலாவது அட்டையைக் காட்டலாம். நான் இந்த மண்ணுக்காரன் என்று இங்கே எதைக் காட்டுவது? ஏழுமலை பைனாகுலர் வாரைப் பிடித்து இழுத்தார். கழுத்து இறுகியது. அரிவாள் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீயே பாரும்மா! அந்த மரத்த ஒரு தரம் பாரு!" என்று கத்தி, வாரைக் கழற்றிக் கன்னியம்மாவிடம் நீட்டினேன்.

முதலில் திருப்பிப் பிடித்தாள். நான் சரியாகப் பிடித்துக் கொடுத்தேன். "யம்மாடியோ, மூஞ்சிக்கு நேரா வருது! குஞ்சு வாயத் தொறக்குதுபா!" என்றாள். பிறகு பைனாகுலர் மரத்தைத் தாண்டி நகர்ந்தது.

"ஏழுமல, உன் நெலத்துல எவனோ கல்லு நட்டுக்கினு இருக்கிறான்யா."

ஏழுமலை பிடுங்கிப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு நாலைந்து புள்ளிகளாகத் தெரிந்தவர்கள்தான் உண்மையாக அளக்க வந்தவர்கள். கூட்டம் மொத்தமும் கரைமேல் ஓடியது. நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கன்னியம்மா சேற்றுக் கையோடு திரும்பி வந்தாள். "இந்தா பெரியவரே, உன் கண்ணு" என்று பைனாகுலரைக் கொடுத்தாள்.

அளக்க வந்தவர்கள் பிறகு வரவில்லையாம். அடுத்த லீவில் போனேன். நாரைகள் அதே மரங்களில் இருந்தன. அந்த ஊர் டீக்கடையில் அன்றைய கதை ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலை பார்த்தாராம், கன்னியம்மா கத்தினாளாம், ஊரே ஓடியதாம். "தூரத்துல பாத்த கண்ணாடி யாருது?" என்று கேட்டேன். "எவனோ வெளியூர்க்காரன்பா, பயந்துக்கினு நின்னுக்கினு இருந்தான்" என்றார் டீ ஆற்றியவர். கேட்டவன்தான் அவன் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கையால் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப்பையில் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். அட்டையில் இந்தியன் என்று போட்டிருக்கிறது. ஏரிக்கரையில் நான் வெளியூர்க்காரன். ஏழுமலையின் வீரத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். நான் பயந்ததையும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த பைனாகுலர் என்னுடையது, அந்த மரத்தைப் பார்க்கச் சொன்னவன் நான். இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பிள்ளையார்பாளையம் தணிகாசலம் என்று பேரோடு, ஊரோடு சொல்லவேண்டும்.