ஆறு வயதுப் பிள்ளையின் நிறை

கால்களில் வலி இல்லை. மூச்சும் சீராகத்தான் இருந்தது. அல்ப்ஸ் மலையில், வாகனங்கள் அரிதாகவே வரும் ஒரு செங்குத்தான கணவாய்ப் பாதையின் கடைசி வளைவுகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன். திடீரென, சங்கிலி கழன்ற சக்கரம்போல, இதயம் தன்பாட்டில் சுழலத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தேன். அது குறையவில்லை. அடுத்து நினைவில் இருப்பது கன்னத்தில் பட்ட தார்ச்சாலையின் சூடு.

அமைதிக்காகவே அந்தப் பாதையைத் தேர்ந்திருந்தேன். அதே அமைதியால் நான் விழுந்ததைக் காண எவரும் இருக்கவில்லை. உச்சியில் வாடகைக் காருடன் காத்திருந்த கணவர், நான் பிந்துவதைக் கண்டு இறங்கி வந்தார். அப்போது பேசிக்கொண்டிருந்தேனாம், அவருடைய கைகளில்தான் நாடி நின்றது. மீட்பு ஹெலிகொப்டர் வரும்வரை நெஞ்சை அழுத்தினார். விலா எலும்புகள் முறிந்தன. முறியும் சத்தம் கேட்டபோதும் அவர் நிறுத்தவில்லை.

கனடாவுக்கு, மொன்றியலுக்குத் திரும்பிய பின்னரே நோய்க்குப் பெயர் கிடைத்தது: வலக் கீழறைத் தசைநோய் (இதயத்தின் வலது கீழறைத் தசை மெல்ல அழிந்து, அவ்விடத்தில் கொழுப்பும் தழும்பும் படியும் பரம்பரை நோய்). தோலின் கீழே அதிர்வுக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள் (இதயம் தறிகெட்டு ஓடும்போது உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து அதை வழிக்குக் கொண்டுவருவது).

என் இதய வைத்தியர் சென்னையிலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே பணியாற்றுபவர். "உடம்புக்கு நல்லதுன்னுதானே இத்தனை வருஷமா சைக்கிள் ஓட்டினீங்க? இந்த நோய்க்கு அதுதாங்க தீனி" என்றார். காற்று மாசடையக் கூடாதென்று சொந்தக் காரே வைத்துக்கொள்ளாதவள் நான்.

பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா திருகோணமலையில் ஷெல் வீச்சின்போது இறந்தார் என்றேன்.

"காயம் எங்கே பட்டுச்சு?"

காயம் இல்லை. ஷெல் சத்தம் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அப்பா ஆறு வயதுத் தம்பியை முதுகில் சுமந்து ஓடினார். பதுங்குகுழி வாசலில் அவனை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. ஷெல் அதிர்ச்சியில் போய்விட்டார் என்றே அம்மா தன் கடைசிவரை சொல்லி வந்தார். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எந்தச் சாவுக்கும் போரே காரணமாகப் போதுமானதாக இருந்தது. உடலிடம் யாரும் விசாரிக்கவில்லை. இங்கும் ஆண்டுதோறும் போரில் இறந்தோர் நினைவுநாளில் அவருடைய படத்தைக் கொல்லப்பட்டவர்களின் படங்களோடுதான் வைக்கிறோம்.

"உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் வைத்தியர். "ஆனா பாரத்தோட ஓடினது தூண்டியிருக்கலாம். தம்பியை உடனே பரிசோதிக்கணும்."

தம்பி துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுபவன். ரொக்ஸ்பரோவில் அவன் வீட்டுக்குப் போனேன்.

"வா அக்கா. லீவு போட்டு, பிளேன் ஏறி, மலை உச்சியில சாகப் போன ஒரே தமிழ்ச்சி நீதான்," என்று தேநீரை வைத்தான். "அதை இங்க, மவுண்ட் ரோயல் மலையிலயே செய்திருக்கலாம். நானே வந்து ஏத்திக்கொண்டு போயிருப்பன்."

சிரித்தால் விலா வலித்தது. பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன்.

"நோய் எண்டு வந்தா லைசன்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள். நீ மலையில விழுந்ததுக்கு நான் ஏன் லொறியால இறங்கோணும்?"

"நெடுஞ்சாலையில உனக்கு அப்பிடி நடந்தா, பக்கத்துக் காரில இருக்கிற சனம்?"

"உனக்கு எப்பவும் ஊரைப் பற்றித்தான் கவலை," என்றான். பிறகு, "அப்பாவுக்கு இது இருந்ததெண்டு ஆர் சொன்னது? அவரை ஆமிதான் சாகடிச்சது," என்றான்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். முழு உண்மை அறிந்தால் பரிசோதனைக்கு உடன்படுவான் என்று எண்ணி, வைத்தியர் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன்: ஓட்டம், பாரம், தூண்டுதல்.

கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"ஆறு வயசில ஒரு பிள்ளை என்ன நிறை இருக்கும், அக்கா?"

ஷெல் அடித்தவர்களே அப்பாவை ஓடவைத்தார்கள் என்றேன். "ஓம், ஓம்," என்றான், வாசலுக்கு வந்த விற்பனையாளனை அனுப்பிவைப்பதுபோல.

பரிசோதனைக்குப் போனான். முடிவு வந்த அன்று, துறைமுக வாசலில் லொறி வரிசையில் நின்றபடி அழைத்தான். "எனக்கு அது இல்லையாம். என்ர இதயம் குதிரை மாதிரியாம்."

அழுதேன், நல்ல செய்தி என்றேன்.

"என்ன நல்ல செய்தி? அவரிட்டை இருந்து இதாவது எனக்கு வந்திருக்கலாம்," என்று போனை வைத்துவிட்டான். பல மாதங்கள் அழைக்கவில்லை.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு: உங்கள் உடன்பிறப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இதில் எனக்கு ஐயமில்லை; மறுபடியும் அதையே செய்வேன். ஆனால் இறந்தவரின் கதையை மாற்றிச் சொல்லும் வேலையைத் தேநீர் மேசையில் தனியாகச் செய்யாதீர்கள். மரபணு ஆலோசகர் (பரம்பரை நோய் பற்றிக் குடும்பத்தினருக்கு விளக்கும் பயிற்சி பெற்றவர்) ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் உயிரைக் காப்பதற்கான தகவலால் அவனைக் காயப்படுத்திவிட்டேன். அவன் உடலுக்கோ அந்தத் தகவல் தேவைப்படவே இல்லை.

சென்ற குளிர்காலத்தில், என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போகத் தானாகவே வந்தான். என் வீடு இருக்கும் லொங்குய்யிலிருந்து மெட்ரோவில் போய் இறங்கியபோது நகரும் படி வேலை செய்யவில்லை. பாதிப் படியில் நின்றேன். இதயத் துடிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் கருவி மின்னதிர்ச்சி தரும்; இப்போது அந்த எல்லைக்குள்தான் நடக்கிறேன், கோபப்படுகிறேன், சிரிக்கிறேன்.

"தூக்கட்டோ?" என்றான் பின்னாலிருந்து, பகிடியாக.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கே கேட்டது. கைப்பிடியைப் பற்றியபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாம். நிண்டு போவம்," என்றேன்.

அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எங்களை விலத்தி ஏறினார்கள். மணிக்கட்டில் விரல் வைத்து, துடிப்பு இறங்கும்வரை காத்திருந்தேன். எனக்கு இப்போது நேரத்தை அளப்பது இந்தத் துடிப்புதான். அப்பாவும் வழியில் இப்படி நின்றிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார். தம்பி ஒரு படி கீழே, என் பாரம் எதையும் சுமக்காமல், நின்றுகொண்டிருந்தான்.